என் எடிட்டுக்கு விழுந்த முதல் ‘நோ’

யார் வேண்டுமானாலும் இசைத் தகவல்களைச் சேர்த்துத் திருத்தக்கூடிய மியூசிக்பிரெயின்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒரே பெயரில் இரண்டு கலைஞர் பக்கங்கள் இருந்தன. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நானாக முடிவு செய்து, ஒன்றிணைக்கச் சொல்லி ஒரு எடிட் போட்டேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘ஒரே ஆள்’ என்று இரண்டே வார்த்தை. மறுநாள் மின்னஞ்சல் வந்தது: உங்கள் எடிட்டுக்கு எதிராக ஒருவர் வாக்களித்திருக்கிறார்.

முகம் சிவந்துவிட்டது. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்தவன் நான், என்னைத் தடுக்க இவர் யார் என்றுதான் முதலில் தோன்றியது. சூடாக ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

இந்த வாக்கு எப்படி வேலை செய்கிறது என்பதையே அன்றுதான் உட்கார்ந்து படித்தேன். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் உடனே ஏறிவிடும். ஒன்றிணைப்பது, நீக்குவது போன்றவை 7 நாள் திறந்திருக்கும். அதற்குள் எதிர்ப்பே இல்லாமல் மூன்று ‘யெஸ்’ விழுந்தால் முன்னதாகவே ஏறும். மூன்றும் ‘நோ’ என்றால் நிராகரிக்கப்படும். யாருமே வாக்களிக்காவிட்டால்? கெடு முடிந்ததும் தானாக ஏறிவிடும். இதுதான் என்னை உலுக்கியது. தினமும் வந்து குவியும் எடிட்களில் மிகப் பலவற்றை இன்னொரு கண் பார்ப்பதே இல்லை. என் எடிட்டையும் யாரும் பார்க்காமல் போயிருந்தால் அது அப்படியே உண்மையாகியிருக்கும்.

அவர் போட்ட ‘நோ’வோடு ஒரு குறிப்பும் இருந்தது. கடுமையான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ‘இவர் பியானோ கலைஞர், அவர் ஒலிப்பதிவுப் பொறியாளர். ஒரே ஆள் என்பதற்கு உங்களிடம் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?’ அவ்வளவுதான். ‘நோ’ விழுந்தால் பதில் சொல்ல 72 மணி நேரமாவது கிடைக்கும். அந்த நேரத்தில் என்னிடமிருந்த சிடிகளின் உள்தாள்களை எடுத்துப் பொடி எழுத்தையெல்லாம் படித்தேன். பொறியாளர் பெயர் வரும் ஒரு பதிவு, பியானோ கலைஞர் இறந்து பல வருடங்களுக்குப் பின் நடந்தது.

எடிட்டை நானே ரத்து செய்தேன். அதோடு விடவில்லை. நான் குழம்பியதற்குக் காரணம், இரண்டு பக்கங்களிலும் பெயருக்குப் பக்கத்தில் யார் என்று பிரித்துச் சொல்லும் சின்ன விளக்கம் இல்லாதது. ஒன்றில் ‘பியானோ கலைஞர்’, மற்றதில் ‘ஒலிப்பதிவுப் பொறியாளர்’ என்று சேர்த்தேன். இனி அடுத்தவர் தடுமாற மாட்டார். இரண்டு பேரைத் தவறாகச் சேர்த்துவிட்டால் பிரிப்பதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது; ஒவ்வொரு ஆல்பமாக, ஒவ்வொரு பெயராகக் கையால் எடுத்து வைக்க வேண்டும். அதற்குள், இந்தத் தரவை எடுத்துப் பாட்டுக் கோப்புகளில் எழுதும் பிக்கார்ட் மென்பொருள் வழியாக அந்தத் தவறு யார் யாருடைய பாட்டுக் கோப்புகளிலோ எழுதப்பட்டிருக்கும். அங்கே போய்த் திருத்த நம்மால் முடியாது.

வாக்களிக்க 10 எடிட்டாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அந்த உரிமை கிடைத்ததும் இன்னொரு சோதனை வந்தது. எனக்கு ‘நோ’ போட்டவருடைய எடிட் பட்டியல் ஒரு சொடுக்கில் திறக்கும். குறை தேடிப் போகலாமா என்று ஒரு நிமிடம் கை நீண்டது உண்மை. அப்படிப் போடும் வாக்கு தரவுக்குச் செய்யும் துரோகம். தெரிந்தவர் என்பதற்காகப் பார்க்காமலே வரிசையாக ‘யெஸ்’ போடுவதும் அதே துரோகம்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

டிஸ்காக்ஸ் என்ற இன்னொரு இசைத் தரவுத்தளத்தில் முறை வேறு. அங்கே மாற்றம் உடனே பதிவாகிவிடும். வாக்கு அதற்குப் பிறகு. ‘சரி’, ‘முழுமையும் சரியும்’, ‘சிறு திருத்தம் தேவை’, ‘பெரிய திருத்தம் தேவை’, ‘முற்றிலும் தவறு’ என்று படிகள் உண்டு. ஒரு எழுத்துப்பிழைக்கு ‘முற்றிலும் தவறு’ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் நொந்து ஒதுங்கிய புதியவர்களையும் பார்த்திருக்கிறேன். தவறின் அளவுக்குத்தான் வாக்கு இருக்க வேண்டும்.

மியூசிக்பிரெயின்ஸில் இப்போது என் வழக்கம் இது. சந்தேகம் என்றால் முதலில் வாக்கில்லாமல் ஒரு கேள்வி எழுதுவேன். கெடு நெருங்கியும் பதில் இல்லாவிட்டால் மட்டும் ‘நோ’, காரணத்தோடு. எனக்குத் தெரியாத துறை என்றால் ‘அப்ஸ்டெய்ன்’, அதாவது எந்தப் பக்கமும் சேராத வாக்கு. அதைப் போட்டுவைத்தால் அந்த எடிட்டில் நடக்கும் பேச்சு எனக்கும் வந்துசேரும். அப்புறம், ‘நோ’ போட்ட இடத்துக்குக் கட்டாயம் திரும்பிப் போவேன். வாக்கை மாற்றிக்கொள்ளலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. திருத்தம் வந்த பிறகும் பழைய ‘நோ’ அப்படியே கிடந்து ஒரு நல்ல எடிட்டைக் கவிழ்ப்பதை விட அநியாயம் இல்லை.

போன மாதம் புதியவர் ஒருவர் இரண்டு ஆல்பப் பக்கங்களை ஒன்றிணைக்கக் கேட்டிருந்தார். பார்கோடு ஒன்றுதான், ஆனால் கேட்டலாக் எண் (வெளியீட்டு நிறுவனம் ஆல்பத்துக்குத் தரும் எண்) வேறு. மறுபதிப்புகளில் பழைய பார்கோடே வருவது சகஜம் என்பதால் இரண்டும் வெவ்வேறு பதிப்பு என்று நினைத்தேன். கேட்டேன், பதில் இல்லை, ‘நோ’ போட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் புகைப்படங்களை ஏற்றினார். ஒரே சிடிதான்: உறையின் முதுகில் ஒரு எண், தட்டின் மேல் இன்னொரு எண். இரண்டு பேர் ஆளுக்கொரு எண்ணைப் பார்த்துத் தனித்தனிப் பக்கம் போட்டிருக்கிறார்கள். வாக்கை ‘யெஸ்’ என்று மாற்றி, ‘நீங்கள் சொன்னதுதான் சரி, படங்களுக்கு நன்றி’ என்று கீழே எழுதினேன். இரண்டு எண்களும் இப்போது அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன.