தாத்தாவின் சவரப் பெட்டி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உறவினர்கள் கிளம்பிப் போன பின் பாட்டி தாத்தாவின் இரும்பு அலமாரியைத் திறந்து, யாருக்கு எது என்று தாமே பிரித்துக் கொடுத்தார். கைக்கடிகாரம் அப்பாவுக்கும், பேனா சித்தப்பாவுக்கும், கம்பளிகள் அத்தைமார் இருவருக்கும் போயின. என்னிடம் வெற்றிலைப் பெட்டி அளவுள்ள ஒரு தகர டப்பாவை நீட்டி, "இது உனக்குத்தான். நீதானே கிணற்றடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய்" என்றார்.

உண்மைதான். பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்த பிறகும், குளியலறையில் கண்ணாடி பதித்த பிறகும், தாத்தா கிணற்றடியில்தான் சவரம் செய்துகொள்வார். துணிக்கல்லின் மேல் ஒரு தம்ளர் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நீங்கலாகக் காலை ஆறேகால் மணிக்கு அங்கே அவரைக் காணலாம். கடைசி இரண்டு ஆண்டுகள் கை நடுங்கத் தொடங்கியதால் முடிதிருத்துபவர் வீட்டுக்கே வந்து செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து டப்பா மூடியே கிடந்திருக்கிறது.

உள்ளே ஒரு ரேசர், பாதி முடி உதிர்ந்த பிரஷ், நடுவில் குழிந்து தேய்ந்த படிகாரக் கட்டி, விளிம்பில் ரசம் போன வட்டக் கண்ணாடி, மடித்து வைத்த பிளேடு உறைகள் ஏழெட்டு. ரேசரின் மூட்டுகளில் சோப்பு காய்ந்து சுண்ணாம்பாக இறுகி, அதன் மேல் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் செப்புக்குடத்தின் வாசம் வருகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

களிம்பைப் பார்த்ததும் பாட்டி புளியை ஊறவைக்கப் போய்விட்டார். பித்தளைக் குத்துவிளக்கை அறுபது ஆண்டுகளாகத் துலக்கிவரும் கைக்கு அதுதான் தோன்றும். தலைப்பகுதியின் மேல் இருப்பது நிக்கல் முலாம் என்றும், அது தேய்ந்து மெலிந்த இடங்களைப் புளியின் அமிலம் அரித்துவிடக்கூடும் என்றும் சொல்லித் தடுத்தேன். "முலாம் போனால் பித்தளை இன்னும் நன்றாகப் பளபளக்குமே" என்றார். அந்தப் புளி மதியம் ரசத்துக்குப் போயிற்று.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். மூன்று துண்டுகளாகக் கழன்று வந்தது: பிளேடை மேலிருந்து அழுத்தி வளைக்கும் மேல்மூடி, பிளேடைத் தாங்கும் அடித்தட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கும் கைப்பிடி. அடித்தட்டின் கீழ்ப்புறத்தில் சாய்சதுரச் சின்னத்துக்குள் ஜில்லெட் என்ற பெயரும், பக்கத்தில் 'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்துகளும் வெளிப்பட்டன. அடித்தட்டின் விளிம்பில் சீப்புப் பற்கள் இல்லை. ஒரே நீளமான வரம்புதான் இருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் இது 1938இல் அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய 'டெக்' என்ற வகை. அதற்கு முன் வந்த மூன்று துண்டு ரேசர்கள் பெரும்பாலும் சீப்புப் பல் கொண்டவை.

கைப்பிடியின் அடிப்பாகத்தில் 2417 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான்கு இலக்கங்களும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. 7 சற்றுச் சரிந்திருக்கிறது. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஜில்லெட் ரேசர்களில் 1950களிலிருந்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து ஆண்டையும் காலாண்டையும் குறித்தன. 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1959 என்று பொருள். இந்த 2417 அந்தக் கணக்கில் எங்கும் பொருந்தவில்லை. இரவு பதினொரு மணி வரை தேடிவிட்டு விளக்கை அணைத்தேன். கைப்பிடியில் முலாம் துளிகூட மிச்சமில்லை என்பதையும் கவனித்தேன். கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

பிளேடு வாங்கச் சத்திரம் பேருந்து நிலையம் வரை போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைத்தது. ஷாம்பு பொட்டலச் சரத்துக்குப் பின்னால் ஓர் அட்டையில் வரிசையாகச் செருகி வைத்திருந்தார்கள். அந்தக் கடைக்காரர் வீட்டிலும் அதே பிளேடுதானாம்.

அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய ரேசரில் போன மாதம் தயாரான பிளேடு கச்சிதமாக உட்காருவதை எண்ணிச் சற்று நேரம் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இந்த வசதிக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. ஜில்லெட்டின் முதல் பிளேடுகளில் மூன்று துளைகள் மட்டுமே இருந்தன. ஹென்றி கெய்ஸ்மன் என்பவருடைய ஆட்டோஸ்ட்ராப் நிறுவனம் வேறு வடிவத் துளை கொண்ட பிளேடை விற்க, வழக்கு மூண்டு, 1930இல் இரு நிறுவனங்களும் இணைந்தன. நீளவாக்கில் நடுவே வெட்டுவிட்ட இன்றைய வடிவம் அந்தக் காலத்தில் நிலைபெற்றதுதான். அதன் பிறகு உலகில் யார் பிளேடு செய்தாலும் அந்த அளவையே ஒட்டிச் செய்ய வேண்டியதாயிற்று.

கிங் கேம்ப் ஜில்லெட் விற்பனையாளராக இருந்தவர். தேய்ந்தால் தூக்கி எறியும் பிளேடு என்ற எண்ணம் அவருடையது. மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமலும் நெளியாமலும் பதப்படுத்த முடியாது என்று உலோகம் அறிந்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கு வழி கண்டார். 1903இல், விற்பனையின் முதல் ஆண்டில், 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே போயின. காப்புரிமை 1904 நவம்பரில் கிடைத்தது. பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தனியாகப் பிடித்தால் பனையோலை போலத் துவளுகிறது. மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வளைந்து இறுகும்போதுதான் விறைப்படைகிறது.

தாத்தாவின் டப்பாவிலிருந்த உறைகளில் ஐந்து செவன் ஓ கிளாக், மற்றவை டோபாஸ். உறைகளை எதற்குச் சேர்த்தார் என்று விளங்கவில்லை.

நாளை வியாழன். வெள்ளிக்கிழமை என்றால் பாட்டி விட மாட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று இடங்களில் வெட்டிக்கொண்டேன். இடது தாடையின் கீழ் ஒன்று, குரல்வளை மேட்டில் ஒன்று, மூன்றாவது எப்படி நேர்ந்ததென்றே தெரியாமல் காது மடலுக்கு அருகில்.

தவறு முழுவதும் என் கையுடையது. தீட்டு நாள்களில் வளர்ந்திருந்த தாடியை முதலில் கத்தரித்துக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அறிவு இருந்தது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக, தலை தானே அசைந்து கொடுக்கும் கார்ட்ரிட்ஜ் ரேசரை முகத்தில் அழுத்தி இழுத்தே பழகிய கை, இதையும் அழுத்திற்று. கார்ட்ரிட்ஜில் கோணத்தைப் பற்றி நாம் நினைக்க வேண்டியதில்லை. செய்தவர்கள் நினைத்து வைத்துவிட்டார்கள். இதில் பிளேடுக்கும் தோலுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது பாகைக் கோணத்தை, தாடை எலும்பு திரும்பும் இடத்திலும் மேலுதட்டிலும் கழுத்துக் குழியிலும், நாமேதான் காத்துக்கொண்டு போக வேண்டும்.

பாட்டி ஒன்றும் பேசாமல் படிகாரக் கட்டியை நனைத்துக் கையில் கொடுத்தார். முதல் நொடி சுரீரென்று எரிந்தது. படிகாரம் தோலின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இறுக்கி நுண்ணிய இரத்தக் கசிவை அடைத்துவிடும். தாடைக் காயம் சற்று ஆழம் என்பதால் அதற்கு இரண்டு முறை வைக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில், வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இது மூன்றாவது முறை. காயமில்லை.

வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தேன். முடி நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு பிளேடுக்கு வேலை குறைவு. விரலால் தடவித் தடவிப் பார்த்தபோது, என் கழுத்தில் முடி கீழிருந்து மேலாக வளர்கிறது என்பதை முப்பத்துநான்கு வயதில் அறிந்துகொண்டேன். அது வளரும் திசையிலேயே ஒரு முறை, மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒரு முறை. எதிர்த்திசையில் போகும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

அழுத்தாமல் விட்டதும் ஒன்று புலப்பட்டது. கைப்பிடியை நுனிவிரல்களால் பிடித்துக்கொண்டால் போதும். அதன் கனமே ரேசரைக் கீழே இட்டுச் செல்கிறது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கைப்பிடி மட்டும் 64 கிராம். தலைப்பகுதி அதில் ஏறக்குறையப் பாதிதான். டெக் வகையின் கைப்பிடிகள் பொதுவாக உள்ளீடற்ற குழாய்கள். தட்டிப் பார்த்தால் இது கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்கிறது; நடுவே துளை ஏதுமில்லாத கெட்டிப் பித்தளை. முலாம் தேய்ந்து போகவில்லை, எப்போதும் இருந்ததே இல்லை போலும்.

மதியம் அப்பாவிடம் இந்த ரேசரை அவர் ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தேன். பதினேழு வயதில் தாத்தா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இதைத் திருட்டுத்தனமாக எடுத்து, இல்லாத மீசையை மழிக்கப் போய் மேலுதட்டைக் கிழித்துக்கொண்டாராம். அந்தத் தழும்பை மறைக்கத்தான் அவர் மீசையே வைத்தார். நாற்பது ஆண்டுகளாகக் கட்டபொம்மன் ரசிகர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

பிப்ரவரி 23, ஞாயிறு

2417 எதைக் குறிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கித் தரும்படி பாட்டி சொன்னார். அதற்குள் தாத்தாவின் மூன்றடுக்குச் சாப்பாட்டு அடுக்கு இருந்தது. மேல்மூடியில், ஒவ்வோர் அடுக்கின் அடியிலும், 2417. அங்கும் 7 சரிந்தே நின்றது. பாட்டியிடம் காட்டினேன். "அது அவருடைய டிக்கெட் நம்பர். ஒர்க்‌ஷாப்பில் ஆயிரக்கணக்கான பேர் சாப்பாடு வரிசையாக வந்து இறங்கும். நம்பர் இல்லாவிட்டால் யார் சோற்றை யார் தின்பது?" என்றார். ரேசரின் அடியைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, வெகுநேரம் விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

பொன்மலைப் பணிமனை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. தாத்தா அங்கே 1955இல் ஃபிட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அதே பிரிவில் இருந்தார். ரேசரை வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் பெரிய கடைவீதியில் வாங்கியிருக்கிறார். 1960இல் திருமணமாகி வந்தபோதே அது இருந்தது என்கிறார் பாட்டி. சின்ன அத்தை பிறந்த ஆண்டில், அதாவது 1968இல், குழாய்க் கைப்பிடி நீளவாக்கில் விரிசல் விட்டு, மரை பிடிப்பற்றுப் போயிற்று. அப்போது இங்கிலாந்துப் பொருளுக்கு உதிரிப்பாகம் வாங்குவது லேசில்லை. 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. சவரக்கத்தியின் கைப்பிடிக்கு யார் உரிமம் எடுப்பார்கள்?

தாத்தா பித்தளைக் கம்பியில் ஒரு சாண் துண்டைக் காசு கொடுத்து வாங்கி, நண்பர் ஒருவரின் கடைசல் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தாமே கடைந்து, மரை வெட்டியிருக்கிறார். பணிமனையில் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே கடைசல் எந்திரம் இருந்தது. "சொந்த வேலைக்கு அதைத் தொட மாட்டார். அங்கிருந்து ஒரு பழைய வாஷர்கூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை" என்றார் பாட்டி. ஆனாலும் எண்ணை மட்டும் குத்தியிருக்கிறார். காணாமல் போகவோ மாறிப் போகவோ இடமில்லாத, ஒருவர் மட்டுமே புழங்கிய பொருளில் அதற்குத் தேவையே இல்லை. தம் வேலை என்று காட்டிக்கொள்ள அவருக்கு ஆசை இருந்திருக்கலாம். யாரும் பார்க்க முடியாத அடிப்பாகத்தில் குத்தியிருப்பதும் அவருடைய சுபாவம்தான்.

கைப்பிடியைச் சாளர வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிடிமானத்துக்கான குறுக்கு வரிகள் மேல் பாதியில் சீராகவும், கீழே வரவர நெருங்கியும் ஓடுகின்றன. பெருவிரல் படும் இடத்தில் மட்டும் வரிகள் மழுங்கி ஓர் ஆழமற்ற பள்ளம் விழுந்திருக்கிறது. என் பெருவிரலை அங்கே வைத்தால் அது சற்று உள்பக்கம் சாய்கிறது. பத்து நாளாக நான் பிடித்த கோணத்தைவிடக் குறைந்த கோணம்.

பிப்ரவரி 24, திங்கள்

அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தே இன்று செய்தேன். கழுத்தில் எரிச்சல் வரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு பிளேடு எனக்கு ஐந்து சவரத்துக்கு வருகிறது. ஆறாவதில் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிறது. தாத்தாவுக்குப் பத்து வந்திருக்கிறது என்கிறார் பாட்டி. துருப்பிடிக்காத எஃகுப் பிளேடுகள் 1960களில்தான் பரவின. அதற்கு முன்பிருந்த கார்பன் எஃகு ஒரே இரவில் துருவேறிவிடும் என்பதால், அவர் ஒவ்வொரு முறையும் பிளேடைக் கழற்றித் துடைத்து, கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்த்து, உறையில் மடித்து வைப்பாராம். உறைகளைச் சேர்த்ததற்கு விளக்கம் கிடைத்தது. எந்தப் பிளேடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் ஈரத்தை உதறி, மூன்று துண்டுகளையும் தனித்தனியே துண்டின் மேல் காயவைப்பதோடு சரி.

தேய்ந்த பிளேடுகளைத் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தாதபடி போட்டுவைக்க ஒரு பழைய காபித்தூள் டப்பாவின் மூடியில் கீறல் இட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி வந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாவற்றையும் அதில் போடாதே, ஒன்றை எனக்குக் கொடு. ரவிக்கைத் தையல் பிரிக்க இரண்டு வருஷமாகக் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டுகிறேன்."

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தாத்தாவின் உறைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிளேடை அதற்குள் நுழைத்து, நீளவாக்கில் மடித்து, விரல்களால் ஒரு நெரி நெரித்தார். உள்ளே டக்கென்று ஒடிந்தது. பாதியை முந்தானை முடிச்சில் செருகப் போனவர், பிறகு யோசித்து, அதையும் உறையோடு ஊசிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.