ஹான்செங் குன்றின் மேல் ஒரு வரலாற்றாசிரியரின் கோயில்

சீனாவின் ஷான்சி மாகாணத்தில், ஹான்செங் ஊருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், மஞ்சள் நதியைப் பார்த்தபடி ஒரு குன்று. உச்சியில் கோயில். உள்ளே வீற்றிருப்பவர் சாமியும் அல்ல, ராஜாவும் அல்ல. 'ஷி ஜி' என்ற மாபெரும் வரலாற்று நூலை எழுதிய சிமா சியென். கி.பி. 310இல் அந்த வட்டாரத்து ஆட்சியர் யின் ஜி இங்கே கல் மண்டபம் எழுப்பிக் கல்வெட்டு நட்டதுதான் கோயிலின் தொடக்கம்.

அவர் கதை தெரியாமல் ஏறினால் இது வெறும் படிக்கட்டு. தந்தை சிமா டான் அரண்மனையில் வானியலும் ஏடுகளும் பார்த்த அதிகாரி. கி.மு. 110இல் சாகும் தறுவாயில், தான் தொடங்கிய வரலாற்றை முடிக்கும்படி மகன் கையைப் பிடித்து அழுதார். மகன் அதே பதவிக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். கி.மு. 99இல் லி லிங் என்ற தளபதி 5,000 காலாட்படையோடு வடக்கே போய், ஷியோங்னு என்ற வடக்கு நாடோடிப் படையிடம் சிக்கிச் சரணடைந்தார். அவருக்காகப் பரிந்து பேசியது சிமா சியென் ஒருவர்தான். ஹான் வம்சப் பேரரசர் வூ அதை ராஜ நிந்தனையாக எடுத்துக்கொண்டார். பணம் கட்டினால் தண்டனை குறையும். கட்ட அவரிடம் பணமில்லை. மிஞ்சியவை இரண்டே வழி: சாவு, அல்லது ஆண்மை நீக்கும் தண்டனை. மானமுள்ளவர் சாவைத்தான் தேர்வார் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. நூல் பாதியில் நின்றதால் அவர் அவமானத்தைத் தேர்ந்தார். 130 அத்தியாயங்கள், 5,26,500 எழுத்துகள். அத்தனையையும் எழுதி முடித்தார்.

ஷியானிலிருந்து ஹான்செங்குக்குப் பேருந்தில் சுமார் 3 மணி நேரம். கோயில் இருப்பது ஊருக்கு வெளியே, ஜிச்சுவான் பக்கம்; ஹான்செங்கிலிருந்து வாடகைக் காரோ உள்ளூர்ப் பேருந்தோ பிடிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வந்தால் நுழைவுச்சீட்டிலேயே சிக்கல் வரும். கைபேசிப் பணச் செயலியையும் கிளம்பும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

கீழே புதிதாக அமைத்த பெரிய சதுக்கமும் சிலைகளும் இருக்கின்றன. பார்க்கலாம், ஆனால் வெயில் ஏறும் வரை அங்கேயே நிற்காதீர்கள், நிழல் கிடையாது. யாத்திரை உண்மையில் தொடங்குவது சிமா சரிவில். பழைய ராஜபாட்டையின் பெரிய கற்கள் பாவிய ஏற்றம் அது. நூற்றாண்டுகளாகக் காலும் சக்கரமும் பட்டு வழவழப்பாகி, நடுவில் குழிந்து கிடக்கின்றன. மழை பெய்தால் வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். தோல் அடிச் செருப்பு உதவாது, ரப்பர் அடி வேண்டும்.

சரிவு முடியுமிடத்தில் வரும் அலங்கார வளைவில் நான்கு எழுத்துகள்: 'உயர்ந்த மலையை அண்ணாந்து பார்க்கிறோம்' என்ற பொருள். அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இது பழைய கவிதைத் தொகையின் வரி. இளம் வயதில் நாடு சுற்றிய சிமா சியென், கன்பூசியஸின் ஊரில் அவரது கோயிலையும் தேரையும் உடையையும் சடங்குப் பாத்திரங்களையும் பார்த்து நின்றார். பிறகு கன்பூசியஸின் வரலாற்றை எழுதி முடிக்கையில் இந்த வரியைத்தான் எடுத்தாண்டார். அந்த யாத்திரிகர் இன்னொருவரைத் தொழ எடுத்த சொல்லை, பின்னால் வந்தவர்கள் அவர் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த செங்கல் வளைவில் உள்ளதும் அவர் சொல்தான்: நதிக்கும் மலைக்கும் வெயில் விழும் பக்கத்தில் உழுதும் மாடு மேய்த்தும் வளர்ந்ததாகத் தன்னைப் பற்றி எழுதிய வரி. அங்கே நின்று கிழக்கே திரும்பினால் அந்த நதி தெரியும்.

அதற்கு மேல்தான் 99 படிகள். அடிவாரத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறவர்கள் கணக்குத் தப்பிப் புலம்புவார்கள்.

மேலே காணிக்கை மண்டபமும் கருவறை போன்ற உள்மண்டபமும் சோங் வம்சக் காலத்தவை, 1125இல் எழுந்தவை. செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆனால் உயர்ந்த மரவாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். ஊதுபத்தி மூன்று, வெளியே உள்ள தூபக்கலத்தில் மட்டும். உள்ளே இருப்பது பழைய மரம், நெருப்பு ஆகாது. மூன்று முறை குனிந்து வணங்கினால் போதும். அர்ச்சனை, பிரசாதம் எதுவும் இல்லை. சிலையின் முகத்தைக் கவனியுங்கள்: நீண்ட தாடி. அந்தத் தண்டனைக்கு ஆளானவருக்குத் தாடி இப்படிச் செழித்து வளராது. அரசன் பறித்ததைச் சிற்பி திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது.

பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அவர் கல்லறை இருப்பது மண்டபத்துக்குப் பின்னால். மங்கோலியக் கூடாரம் போல் வட்டமாகச் செங்கல்லில் கட்டியது, மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தது; சுவரில் எட்டு முக்கோட்டுச் சின்னங்கள். உச்சியைப் பிளந்துகொண்டு ஐந்து கிளையாக நிற்கிறது ஒரு பழைய சைப்ரஸ் மரம். உள்ளே இருப்பது உடல் அல்ல, உடையும் தொப்பியும்தான் என்று சொல்வாரும் உண்டு. நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த அவமானத்தோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பெற்றோரின் கல்லறை மேட்டில் ஏறுவேன் என்று கேட்டவர் அவர். அந்த வரியை அங்கே நினைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இந்த ஊரின் பெருமை ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய ஹெலே நூடுல்ஸ். சைவர்கள் முன்கூட்டியே வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சிவப்புச் சீன மிளகு இங்கே நயம் சரக்கு. வீட்டுக்கு வாங்கி வரலாம்.

சிங்மிங் என்ற முன்னோர் நாள் ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும். அப்போது போனால் ஷூ கிராமத்தை விடாதீர்கள். சிமா சியெனின் வழித்தோன்றல்கள் பழிக்குப் பயந்து பெயரை மறைத்து வாழ்ந்த ஊர் என்பது மரபு: சிமா என்ற பெயரின் 'மா' எழுத்துக்கு இரண்டு புள்ளி வைத்து ஃபெங் ஆனது ஒரு கிளை, 'சி' எழுத்துக்கு ஒரு கோடு சேர்த்துத் தோங் ஆனது மற்றது. ஒரே ரத்தம் என்பதால் இரு குடும்பங்களும் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அங்குள்ள ஒரு பலகை 'ஃபா வாங் சிங் கோங்'. ஏதோ தர்மராஜாவின் மாளிகை போல ஒலிக்கும். பின்னிருந்து படித்தால், சட்டத்தை வளைத்துத் தந்த ஆண்மை நீக்கத் தண்டனை என்று காதில் விழும்.

சிங்மிங்குக்கு முந்திய இரவு அங்கே கூத்து நடக்கும். நள்ளிரவில் சட்டென்று நிறுத்திவிட்டு, ஆடுபவர்களும் ஊராரும் முன்னோர் வழிபாட்டிடத்துக்கு ஓடி, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு காலத்தில் அரண்மனை ஆட்கள் பிடிக்க வருவதாக எண்ணி முன்னோர் ஓடியதாகவும், வந்தது 'ஷி ஜி' நூலைப் பற்றிய நற்செய்தி என்று பிறகு தெரிந்ததாகவும் கதை. பார்க்கப் போகிறவர்கள் கைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஓடினால்தான் மீதிக் கூத்து கிடைக்கும்.