மாமா வியாபாரிதான் என்று நிரூபித்த கதை

மும்பையில் தரைக்கடை போடும் நம்ம ஆட்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் தாய்மாமா தாராவியில் இருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு கால் போலியோவில் சூம்பியது. ரயில்வே நடைமேம்பாலப் படிக்குக் கீழே உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து ஊக்கு, ஹேர் கிளிப், ரப்பர் பேண்டு விற்பவர். ஒருநாள் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது பிச்சை கேஸ் என்று எங்களுக்குத் தெரியவே மறுநாள் ஆயிற்று.

1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டப்படி கைது செய்ய வாரண்ட் தேவையில்லை. பாட்டுப் பாடிக் கேட்டாலும், ஜோசியம் சொல்லிக் கேட்டாலும், பொருள் விற்கிற சாக்கில் கேட்டாலும் பிச்சைதான். பிழைக்க வழியில்லாதவர் போன்ற தோற்றத்தோடு பொது இடத்தில் இருந்தாலே மாட்டலாம். முதல் தடவையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அரசு இல்லத்தில் அடைக்கலாம். திரும்பத் திரும்பச் சிக்கினால் பத்தாண்டு வரை போகும். இதே சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்துவிட்டது, ஆனால் அது டெல்லிக்கு மட்டும். (தமிழ்நாட்டிலும் 1945-லிருந்து இப்படியொரு சட்டம் உண்டு. ஊரில் பலருக்குத் தெரியாது.)

மாநகராட்சிப் பள்ளியில் படித்ததால் எனக்கு மராத்தி வாசிக்க வரும். பஞ்சநாமாவை, அதாவது பிடித்தபோது கையில் என்ன இருந்தது என்று சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவை, வாங்கிப் பார்த்தேன். மாமாவிடம் இருந்ததாக எழுதியிருந்தது சில்லறைக் காசும் கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளும்தான். தட்டும் இல்லை, சரக்கும் இல்லை. பக்கத்தில் தட்டு இருந்தால் அந்தக் காசு வியாபாரக் காசு. தட்டை எடுத்துவிட்டால் அதுவே பிச்சைக் காசு. கேஸ் மொத்தமும் இவ்வளவுதான்.

காவலில் இருக்கும் யாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் தருவார்கள். இதை முதலில் செய்யுங்கள். எங்களுக்கு வந்த வக்கீல் அம்மா இரண்டு வழி சொன்னார். இனிமேல் பிச்சை எடுக்க மாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தால் கோர்ட் எச்சரித்து விடலாம், அது சீக்கிரம் முடியும். பிச்சைக்காரரே இல்லை என்று வாதாடினால் இழுக்கும். நான் பத்திரமே போதும் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"கையெழுத்து போட மாட்டேம்ட்டி. போட்டா இத்தன வருசமும் எரந்து தின்னேன்னு நானே சொன்ன மாதிரில்லா ஆயிரும்."

ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் கொடுத்தோம். அவை வீட்டு விலாசத்தைக் காட்டுமே தவிர தொழிலைக் காட்டாது. பக்கத்தில் கடை போடுகிறவர்கள் சாட்சிக்கு வரப் பயந்தார்கள். அடுத்த வண்டியில் தாங்கள் ஏற வேண்டியிருக்குமோ என்ற பயம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாமாவின் க்யூஆர் கோடுக்கு வந்த பத்தும் இருபதுமான வரவுகளைக் காட்டினோம். விசாரிக்க வந்த அதிகாரி சிரித்தார். "இப்ப பிச்சைக்காரனும் க்யூஆர் வச்சிருக்கான்."

கடைசியில் கைகொடுத்தது வரவு அல்ல, செலவு. சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்கு மாமா அதே கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பியிருந்தார். அந்த சேட் துண்டுச் சீட்டில்தான் பில் தருவார். கெஞ்சிக் கேட்டு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கினோம். வங்கிக் கணக்கும் கடிதமும் ஒத்துப்போயின. கோர்ட் விடுவித்தது. அதனால் சொல்கிறேன், சரக்குக்குக் கையில் காசு கொடுக்காதீர்கள்.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ரயில்வே இடத்துக்கு அது பொருந்தாது. மாமா உட்காரும் படி ரயில்வேயுடையதா மாநகராட்சியுடையதா என்று கேட்டோம். இரண்டு ஆபீஸும் அடுத்த ஆபீஸைக் கையைக் காட்டின. இப்போது மாமா சாலையைத் தாண்டி, எதிர்ப்புற நடைபாதையில் உட்காருகிறார். வியாபாரம் பாதிதான்.

தட்டையும் சரக்கையும் திருப்பிக் கேட்டு மனு போட்டிருக்கிறோம். பஞ்சநாமாவில் இல்லாத பொருளை எப்படித் தருவது என்று கேட்கிறார்கள்.