லாங்ஹோம் மூரில் இரண்டு நாள்

கார்லைல் நகரிலிருந்து ஏ7 சாலையில் வடக்கே 20 மைல் போனால், ஸ்காட்லாந்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே லாங்ஹோம் வந்துவிடும். எஸ்க் ஆற்றங்கரையில் கல் வீடுகளும் பழைய கம்பளி ஆலைகளும் உள்ள சின்ன ஊர். மே மாதத்தில் இரண்டு நாள் அங்கே தங்கினேன். சிவப்பு கிரவுஸ் என்ற வேட்டைப் பறவையைப் பார்க்க வேண்டும், அது ஏன் இங்கே இவ்வளவு குறைந்துபோனது என்று அந்த மண்ணில் நின்று புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஊரிலிருந்து நியூகாசில்டன் போகும் ஒற்றைச் சாலை ஊருக்கு மேலே உள்ள விட்டா குன்றைத் தாண்டி மூர் நிலத்துக்குள் ஏறுகிறது. குன்றின் உச்சியில் உயர்ந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. பம்பாய் கவர்னராக இருந்த ஜான் மால்கம் இந்த ஊர்ப் பக்கத்துக்காரர், அவர் நினைவாக எழுப்பியது. அதைத் தாண்டினால் மரமில்லாத வெளி. மூர் என்றால் மேட்டுநிலப் புதர்க்காடு. ஈரமான கரிமண், அதன் மேல் முழங்கால் உயர ஹீதர் புதர். ஆகஸ்டில் அது ஊதா நிறத்தில் பூக்கும். மே மாதத்தில் கரும்பழுப்புதான்.

முதல் நாள் முழுக்க நடந்தும் ஒரு கிரவுஸ்கூடக் கண்ணில் படவில்லை. பார்த்ததெல்லாம் நெட்டைக்காலிக் குருவிகள். பத்தடிக்கு ஒன்று புல்லிலிருந்து எழுந்து போனது. அதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் என்னோடு ஒரு பெரியவர் வந்தார். பல ஆண்டுகள் கேம்கீப்பராக, அதாவது வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் காவலராக, வேலை பார்த்தவர். போகும் வழியில் குனிந்து கிரவுஸ் போட்ட வளைந்த சிறு எச்சத்துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினார். உள்ளே முழுக்க நார். "எல்லாம் ஹீதர். வருஷம் முழுக்க இதுதான் சாப்பாடு" என்றார். இளந்தளிர்தான் கிரவுஸுக்குத் தீனி. ஆனால் ஒளியவும் கூடு கட்டவும் முதிர்ந்த புதர் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கீப்பர்கள் குளிர்காலத்திலும் முன்வசந்தத்திலும் புதரைச் சின்னச் சின்னப் பட்டைகளாக எரிக்கிறார்கள். எரித்த இடத்தில் இளசு துளிர்க்கும், பக்கத்துப் பட்டை முதிர்ந்து நிற்கும். குஞ்சுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. பொரித்த முதல் சில வாரங்களில் அவற்றுக்குப் பூச்சி வேண்டும், அது சதுப்பான ஈர இடங்களில்தான் அதிகம். அதனால் வடிகால் வெட்டி மூரை உலர்த்தினாலும் குஞ்சுகளுக்குத்தான் கேடு.

அப்புறம் அவர் என்னை ஒரு வேலி ஓரம் நிறுத்தினார். ஒரு பக்கம் ஹீதர், மறுபக்கம் வெளிறிய புல். மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான். புல் பக்கம் பல காலம் செம்மறி ஆடு மேய்ந்த நிலம் என்றார். அளவுக்கு மீறி ஆடுகள் மேய்ந்தால் ஹீதர் மடிந்து அந்த இடத்தைப் புல் பிடித்துக்கொள்ளும். 1948க்கும் 1988க்கும் இடையில் இந்த மூரின் ஹீதர் பரப்பில் ஏறக்குறைய பாதி இப்படிப் போய்விட்டது.

லாங்ஹோமின் கதைக்கு இந்த வேலிதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். 1992 முதல் 1997 வரை இங்கே ஆய்வாளர்கள் இரைகொல்லிப் பறவைகளையும் கிரவுஸையும் சேர்த்துக் கவனித்தார்கள். ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்தை யாரும் தொடாமல் பாதுகாத்தார்கள். 1992இல் இரண்டாக இருந்த முட்டையிடும் பெண் பருந்துகள் 1997இல் 20 ஆயின. கோடையில் அவை சராசரியாக 37 சதவீத கிரவுஸ் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போயின. வேட்டைக்குப் போதுமான பறவை இல்லாமல் போக, துப்பாக்கிகள் ஓய்ந்தன. பருந்துதான் குற்றவாளி என்று பலர் அத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் இத்தனை பருந்துகள் எதை நம்பி வந்தன? கிரவுஸை நம்பி அல்ல. நெட்டைக்காலியையும், வோல் என்ற குட்டைவால் எலியையும் நம்பி. இரண்டும் புல் கலந்த நிலத்தில் பெருகுபவை. ஆடு புல்லைக் கொண்டுவந்தது, புல் குருவியையும் எலியையும் கொண்டுவந்தது, அவை பருந்தைக் கொண்டுவந்தன. கூட்டுக்குப் பக்கத்தில் பறக்கும்போது எதிர்ப்பட்ட கிரவுஸ் குஞ்சையும் பருந்து எடுத்தது. இதைப் படித்திருந்தேன். அந்த வேலியருகே நின்றபோதுதான் மனதில் இறங்கியது.

வேட்டை நின்றதும் கீப்பர்களும் போனார்கள். நரியும் காகமும் பெருகின. தரையில் கூடு கட்டும் பருந்துக்கும் அதுவே வினையானது. அவற்றின் எண்ணிக்கையும் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தணிந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. 2008இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் கீப்பர்கள் திரும்பினார்கள், ஆடுகளைக் குறைத்தார்கள், கிரவுஸ் குஞ்சைத் தூக்காமலிருக்கக் கூடுகளுக்குப் பக்கத்தில் பருந்துக்கு இரை வைத்தார்கள். ஹீதர் மீண்டது, பருந்தும் மீண்டது, கிரவுஸும் ஓரளவு கூடியது. ஆனால் முன்பு போல வேட்டை நடத்தும் அளவுக்கு வரவில்லை. 40 ஆண்டுகளில் இழந்த நிலம் 10 ஆண்டுகளில் முழுசாகத் திரும்பாது.

இப்போது இந்த மூர் ஊர்க்காரர்களுடையது. 2021இலும் 2022இலும் இரண்டு தவணையாக, நன்கொடை திரட்டி, மொத்தம் 10,500 ஏக்கரை வாங்கி டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். கரிமண்ணில் ஈரத்தைத் தேக்குவது, நாட்டு மரங்களை வளர்ப்பது என்று வேலை நடக்கிறது. கிரவுஸுக்கு இதில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது பெரியவரின் கவலை. மரம் வந்தால் கிரவுஸ் ஒதுங்கும் என்கிறார். அவர் கவலை எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனாலும் சதுப்பு திரும்பினால் குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைக்குமே என்றேன். தலையசைத்தார், ஒத்துக்கொண்டாரா தெரியவில்லை.

திரும்பும்போது காலடியிலிருந்து வெடித்தது போல ஒன்று எழுந்தது. செங்கபில உடல், கண்ணுக்கு மேல் சிவப்புக் கீற்று. 'கோ-பேக், கோ-பேக், கோ-பேக்' என்று கத்திக்கொண்டே தாழப் பறந்து ஹீதரில் இறங்கிவிட்டது. இரண்டு நாளில் நான் பார்த்த ஒரே கிரவுஸ். அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அதே நேரம் எதிர்ச்சரிவில் வெளிர்சாம்பல் நிற ஆண் பருந்து ஒன்று எதையோ தூக்கி வந்தது. புல்லிலிருந்து பழுப்புப் பெண் பருந்து எழுந்து, அது நழுவவிட்டதை அந்தரத்தில் புரண்டு பிடித்தது. பெரியவர் பைனாகுலரை இறக்கினார்.

"வோல்தான்" என்றார்.