ஒரு கண்ணாடிக் கடற்பஞ்சுக்குப் பெயர் வைத்த கதை

கடலடியில் ஒரே இடத்தில் ஊன்றி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சு ஒன்றை ஆழ்கடலில் கண்டு, புதிய சிற்றினம் என்று அறிவிக்க நினைப்பவர், நூறாண்டுக்கு முந்தைய எழுத்துகளோடு வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும். எனக்கு அதிக நேரம் பிடித்ததும், அதிகம் பிடித்துப்போனதும் அந்த வேலைதான்.

எங்கள் மாதிரி அரபிக் கடலில் ஏறக்குறைய 1000 மீட்டர் ஆழத்திலிருந்து இழுவலையில் வந்தது. ஹயலோனீமா பேரினம். மேலே உடல், அடியில் சேற்றில் ஊன்றி நிற்க நீண்ட சிலிக்கா இழைகள் முறுக்கிய தண்டு. வலையில் உரசி மேற்பரப்பில் பாதி போயிருந்தது. நிறம் மாறுவதற்குள் படம் எடுத்து, எத்தனாலில் போட்டோம். மாதிரிகளைப் பதப்படுத்தும் இன்னொரு திரவமான ஃபார்மலின் பட்டால் பிறகு டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு.

கண்ணாடிக் கடற்பஞ்சை அடையாளம் காட்டுவது அதன் உருவத்தைவிட ஸ்பிக்யூல்கள், அதாவது உடலுக்குள் இருக்கும் சிலிக்கா ஊசிகள். வெளிப்பரப்பு, உட்பரப்பு, நடுச்சதை, தண்டு என்று இடத்துக்கு இடம் ஊசியின் வடிவம் மாறும். அதனால் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சின்னத் துண்டு வெட்டித் தனித்தனிக் குழாயில் இட்டு, நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் வைத்து நைட்ரிக் அமிலத்தில் சூடாக்க வேண்டும். சதை கரைந்து அடியில் வெள்ளையாக ஒரு படிவு தங்கும். அதை வடிநீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். இங்கே அவசரம் கூடாது. மிகச் சிறிய ஊசிகள் அடியில் இறங்க நேரமாகும். நீரைச் சீக்கிரம் கொட்டினால் அவை நீரோடு போய்விடும். சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அவைதான்.

ஹயலோனீமாவில் அவற்றுக்கு ஆம்பிடிஸ்க் என்று பெயர். கம்பியின் இரு முனையிலும் குடை விரித்தாற்போல இருக்கும். பெரியவை சில நூறு மைக்ரான் வரை போகும், சிறியவை 20, 30 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). குடையின் நீளம், பற்களின் அகலம், நடுக்கம்பியில் உள்ள முட்கள் என்று வகைக்கு முப்பதுக்குக் குறையாமல் அளந்தேன். பக்கத்தில் வாழ்ந்த வேறு கடற்பஞ்சின் ஊசிகளும் சேற்றோடு வந்து ஒட்டியிருக்கும். ஸ்லைடில் ஒன்றிரண்டு மட்டும் தென்படும் வடிவத்தை நம்பக் கூடாது.

சரி, அளந்தாயிற்று. எதோடு ஒப்பிடுவது? இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. இந்தியக் கடல்களுக்கு இன்றும் அடிப்படை, இன்வெஸ்டிகேட்டர் என்ற கடலாய்வுக் கப்பல் சேகரித்தவற்றைப் பற்றி ஜெர்மன் விலங்கியலாளர் எஃப். ஈ. ஷூல்ட்ஸே எழுதி 1902-இல் கல்கத்தாவில் வெளியான நூல். 1870-களில் உலகக் கடல்களை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பல் பயணத்தின் கண்ணாடிக் கடற்பஞ்சுகளை விவரித்தவரும் அவரே. எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அவர் நூலில் வந்த படங்களைப் பார்க்கப் பார்க்க வியப்பு அடங்கவில்லை. ஆனால் சில சிற்றினங்களுக்கு அளவுகள் ஒரு வரியில் முடிந்துவிடும். அப்போது மூல மாதிரியின், அதாவது அந்தச் சிற்றினத்துக்கு முதலில் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மாதிரியின், ஸ்லைடையே பார்த்தாக வேண்டும். அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

டிஎன்ஏ கைகொடுத்தது, ஓரளவுக்கு. பேரினத்தை உறுதிசெய்தது. சிற்றின அளவில் ஒப்பிடப் போதுமான டிஎன்ஏ வரிசைகள் தரவுத்தளத்தில் இல்லை.

ஒரே மாதிரியை வைத்துப் புதியது என்று சொல்லலாமா என்று, இதழுக்கு அனுப்பிய என் கட்டுரையைப் பரிசீலித்த மதிப்பீட்டாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே சிற்றினத்துக்குள் ஊசி அளவு எவ்வளவு மாறும் என்று ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அளவை மட்டும் நம்பிய வேறுபாடுகளை நீக்கிவிட்டு, பெரிய ஆம்பிடிஸ்க்கின் வடிவத்தில் இருந்த வேறுபாட்டின்மேல் வாதத்தை நிறுத்தினேன். கட்டுரை சுருங்கியது, உறுதியானது.

பெயர் வைப்பதில் இலக்கணமும் உண்டு. அறிவியல் பெயர்களுக்கான லத்தீன் இலக்கணத்தில் ஹயலோனீமா அஃறிணைப் பால் பெயர், பின்னால் வரும் சிற்றின அடைமொழி அதற்கு இசைய வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிவு முன்பே முடிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெயர் செல்லாது. அப்புறம், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி, புதிய உயிரினத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். எங்களுடையது கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. என் முடிவில் சந்தேகம் வருபவர் அங்கே போய் ஸ்லைடை எடுத்து அளந்து பார்க்கலாம்.