1965 மஸ்டாங்: துருவும் பார்ட்ஸ் வேட்டையும்

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் பத்து லட்சம் வண்டிகள் ஓடிவிட்டதால், இன்றும் அமெரிக்காவில் இதற்குக் கிடைக்காத பார்ட்ஸ் குறைவு. கதவுக் கைப்பிடி முதல் முழுத் தளத்தகடு வரை புதிதாக அடித்து விற்கிறார்கள். தொல்லை தொடங்குவதும் இங்கேதான். "1965 மஸ்டாங்குக்கு" என்று பெட்டியில் அச்சடித்ததெல்லாம் நம் முன்னால் நிற்கும் 1965 மஸ்டாங்கில் ஏறாது. 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் கொண்ட ஹார்ட்டாப் ஒன்றை முழுக்கப் பிரித்துக் கட்டியபோது பார்த்தவற்றை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எண்ணைப் படியுங்கள். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள் ஏப்ரன் தகட்டில், அதாவது எஞ்சின் அறையின் பக்கச்சுவரில், வண்டி எண் குத்தியிருக்கும். இந்த வண்டியில் அது 5ஆர்07சி என்று தொடங்கியது. 5 என்பது 1965. ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, டி (T) என்றால் மெடுச்சன் ஆலை. 07 நிலையான கூரையுள்ள ஹார்ட்டாப், 08 கூரையை மடக்கும் கன்வெர்ட்டிபிள், 09 கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். கடைசி எழுத்து எஞ்சின்: சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டருடன் 200 குதிரைத்திறன், ஏ 225, கே 271. எஞ்சின் இடத்தில் டி (T) இருந்தால் அது ஆறு சிலிண்டரோடு பிறந்த வண்டி. அப்படிப்பட்ட வண்டியில் பின்னாளில் வி8 ஏற்றியிருப்பது சகஜம். சக்கரத்தைப் பார்த்தாலே பிடிபடும்: ஆறு சிலிண்டருக்கு நான்கு போல்ட், வி8-க்கு ஐந்து. எஞ்சினை மட்டும் மாற்றியவர் 9 அங்குல பிரேக் ட்ரம்மையும் 7.25 அங்குலப் பின் ஆக்சிலையும் அப்படியே விட்டிருப்பார். வி8-க்கு உரியது 10 அங்குல ட்ரம், 8 அங்குல ஆக்சில். வண்டி எண்ணைப் பார்க்காமல் பிரேக் லைனிங் வாங்கினால் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் கதவின் விளிம்பில் ஒரு சிறிய தகடு இருக்கும். பாடி, பெயிண்ட், உள் அலங்காரம், தயாரிப்புத் தேதி, ஆக்சில், கியர்பாக்ஸ் எல்லாம் அதில் குறியீடாக உண்டு. 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்டின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டியிடம் ஆலைப் பதிவேட்டின் நகல் வாங்கலாம். 1965-க்கு அந்த வசதி இல்லாததால் இந்தத் தகடுதான் ஜாதகம். ஆனால் இதையும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். மட்கார்டைக் கழற்றினால் ஏப்ரன் தகட்டில் மறைவாகக் குத்திய எண் தெரியும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொட்டுங்கள்.

தயாரிப்புத் தேதி வெறும் அலங்காரத் தகவல் அல்ல. 1964 ஆகஸ்ட் வாக்கில் ஆலையில் நிறைய மாறியது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஜெனரேட்டர்; பிந்தையவற்றில் ஆல்டர்னேட்டர். முந்தைய வி8-ல், எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கூடான பெல் ஹவுசிங் எஞ்சினில் ஐந்து போல்ட்டில் நிற்கும், பிறகு ஆறு. பதிவில் எல்லாமே 1965 மாடல்தான். ஒயரிங் கட்டும் பெல் ஹவுசிங்கும் வாங்கும்போது ஆண்டைச் சொன்னால் போதாது, மாதத்தையும் சொல்ல வேண்டும்.

ஃபோர்டின் பார்ட் எண் பழகிவிட்டால் பாதி வேட்டை முடிந்தது. சி5இசட்இசட்-9510 என்று தொடங்கும் எண்ணில் சி என்பது 1960-கள், 5 என்பது 1965, முதல் இசட் மஸ்டாங், அடுத்த இசட் கடைக்கு வரும் உதிரி. நடுவிலுள்ள எண்தான் பொருள்: 9510 கார்புரேட்டர், 12127 டிஸ்ட்ரிபியூட்டர், 8501 வாட்டர் பம்ப், 11002 ஸ்டார்ட்டர் மோட்டார். இங்கே பலரும் குழம்புவது, வார்ப்பில் இருக்கும் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் வேறு என்பதால். வார்ப்பில் இருப்பது வடிவமைப்பு எண். மஸ்டாங்கின் சொந்த எஞ்சினிலேயே சி5ஏஇ என்று வரலாம். அதில் ஏ பெரிய ஃபோர்டு கார், இ எஞ்சின் பிரிவு. இசட் இல்லையே என்று சரியான பொருளை ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் 5சி12 போல ஒரு தேதியும் இருக்கும்: 1965, மார்ச், 12. மாத எழுத்துகளில் ஐ கிடையாது, எச்-க்குப் பிறகு ஜே. வார்ப்புத் தேதி வண்டியின் தேதிக்குப் பிந்தியிருந்தால் அது பிற்பாடு மாற்றிய பொருள்.

இனி துரு. இந்த வண்டியின் பெரிய நோய் கண்ணாடிக்கு முன்னால் உள்ள கௌல் பெட்டி. மேலே காற்றுப் போகும் கீறல்கள், உள்ளே இரண்டு பக்கமும் தொப்பியைப் போல எழும்பிய துளை. ஒன்று ஓட்டுநர் பக்கக் காற்றுக்கு, மற்றது ஹீட்டருக்கு. கீறல் வழியாக விழும் இலையும் மண்ணும் தொப்பியின் அடியைச் சுற்றித் தங்கி, மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தொப்பி அடியோடு அரிக்கும். மழைத்தண்ணீர் நேராகக் கார்பெட்டில் இறங்கி, தளத்தகட்டை மேலிருந்து தின்னும். தளம் ஓட்டையாக இருக்கிறதே என்று அதை மட்டும் மாற்றினால் புதுத் தகடும் அதே வழியில் போகும்.

சோதனை எளிது. டேஷ்போர்டுக்கு அடியில் காற்றுப் பெட்டியையும் ஹீட்டரையும் கழற்றுங்கள். ஒருவர் மேலே கீறலில் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கீழே டார்ச்சுடன் படுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இரு ஓரங்கள் வழியாக மட்கார்டுக்குப் பின்னால்தான் வடிய வேண்டும். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் திறக்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் தொப்பி வாங்கி சிலிக்கோன் தடவி ஒட்டுகிறவர்கள் உண்டு. அரித்த தகட்டின் மேல் பசை நிற்காது. விற்பதற்குள் ஒரு மழைக்காலம் தாண்டினால் போதும் என்கிறவருக்குத்தான் அது.

திறப்பதற்கு பானெட், மட்கார்டுகள், முன் கண்ணாடி, வைப்பர் எல்லாம் இறங்க வேண்டும். மேல் தகடு முழுக்க ஸ்பாட் வெல்டில் நிற்கிறது. பெயிண்டைச் சுரண்டி ஒவ்வொரு புள்ளியையும் கண்டுபிடித்து, நடுவில் பஞ்ச் வைத்து, ஸ்பாட் வெல்ட் கட்டரால் மேல் தகட்டை மட்டும் வெட்டுங்கள். கட்டர் அடித்தகட்டைத் தொடும்போது சத்தம் மாறும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மெல்லிய உளியைத் தட்டி இறக்கினால் புள்ளி பிரியும். நெம்பினால் மேல் தகடு நெளியும், பிறகு பானெட் இடைவெளி ஒருநாளும் சரியாக வராது. அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி, புதுத் தொப்பித் துண்டை வெல்டிங் செய்து, சீம் சீலர், பெயிண்ட் முடித்து, மேல் தகட்டை மூடும் முன்பே மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூடிய பிறகு கசிவு தெரிந்தால் வேலை முழுவதும் திரும்ப முதலிலிருந்து.

தளத்தகடு மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது: மஸ்டாங்குக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். தளத்தை வெட்டும் முன் கதவு திறப்பில் குறுக்குச் சட்டம் வெல்டிங் செய்து, வண்டியை ஆக்சில் இருக்கும் இடங்களில் தாங்கி, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். கன்வெர்ட்டிபிளில் இதைத் தவறவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து கதவு மூடாது. பேட்டரிக்குக் கீழே உள்ள ஏப்ரனையும் ஃபிரேம் ரெயிலையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், அமிலம் சொட்டி அங்கே உளுத்திருக்கும்.

புதிதாக அடித்த மட்கார்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகப் பெயிண்டுக்கு அனுப்பாதீர்கள். போல்ட் துளை தள்ளியிருக்கும், முகப்பு விளக்குப் பக்க வளைவு ஒத்துவராது. கதவு, பானெட், மட்கார்டு மூன்றையும் வெறும் தகடாகவே மாட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் பட்டியும் பிரைமரும். நம் பழைய மட்கார்டின் கீழ்முனை மட்டும் அரித்திருந்தால் அதை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்வதே மேல். அரிசோனாவின் காயலான் கடைகளிலிருந்து வரும் வறண்ட தகடு கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஆனால் அங்கிருந்து வரும் ரப்பரும் டேஷ்போர்டு மேலுறையும் வெயிலில் வெந்திருக்கும், அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சினில் கவனிக்க வேண்டியது இரண்டு இடம். கேம் ஷாஃப்ட் பல்சக்கரத்தின் பற்கள் நைலான் பூசியவை. வயதாகி உதிர்ந்து ஆயில் சம்ப்பில் விழுந்து, பம்ப்பின் சல்லடையை அடைக்கும். எஞ்சின் நன்றாக ஓடினாலும் சம்ப்பை இறக்கிப் பாருங்கள். மாற்றும்போது முழு இரும்புச் செட். இரண்டாவது, 289-ன் சமநிலை எடை 28 அவுன்ஸ். 1980-களின் 302-க்கு உள்ள ஃபிளைவீலும் முன் டேம்பரும் இதில் கச்சிதமாக ஏறும், ஆனால் அவை 50 அவுன்ஸ். எஞ்சின் உதறி பேரிங் போகும். பாயிண்ட் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034, ஃபயரிங் வரிசை 1-5-4-2-6-3-7-8.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் தப்பாகக் காட்டினால் மீட்டர்களை வாங்காதீர்கள். இரண்டுக்கும் மின்சாரம் தருவது மீட்டர்கள் பொருத்திய கிளஸ்டரின் பின்னால் உள்ள ஒரே சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர். அதை மட்டும் மாற்றினால் இரண்டும் சரியாகும்.

பென்சில்வேனியாவில் ஹெர்ஷியும் கார்லைலும், கலிபோர்னியாவில் பொமோனாவும் பழைய பார்ட்ஸ் சந்தைக்குப் பேர்போனவை. போகும்போது காலிப்பர், காந்தம், கழற்றிய பொருளின் எண்ணும் படமும் கையில் இருக்கட்டும். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர் கண்ணில் பட்டால் பக்கத்தில் வட்டத்துக்குள் உள்ள வென்சுரி (காற்று போகும் குறுகல்) எண்ணைப் படியுங்கள், 1.02 என்றால் 289-க்கு ஒத்துவரும். பிறகு திராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் அங்கே காற்று இழுக்கும், எந்த ரிப்பேர் கிட்டும் அதைச் சரிசெய்யாது, புதிய புஷ் போட வேண்டும். ரீபில்ட் விற்கும் கடைகள் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பதாகச் சொல்வார்கள். வண்டியோடு பிறந்த கார்புரேட்டரை அந்தத் தொகைக்காகக் கொடுத்துவிடாதீர்கள். கழிவு வேண்டாம் என்று முழு விலை கொடுத்து வாங்கி, பழையதில் எண்ணெய் தடவிச் சுற்றி, தேதி எழுதி வையுங்கள்.