மணிக்கட்டில் படித்த மனம்

11 ஜூலை 2024, வியாழக்கிழமை

அண்ணன் மகள் மாலையில் வந்து, சனிக்கிழமை எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில், நாற்பது பேர் மட்டும் அமரக்கூடிய கூடத்தில், மனத்தைப் படிக்கும் நிகழ்ச்சி ஒன்று நடக்கிறதாம். தலைக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்து இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள். "சும்மா மேஜிக்குன்னு நினைச்சுக்காதீங்க அத்தை, இது மென்டலிசம்" என்றாள். முப்பத்தொரு ஆண்டுகள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். வீட்டுப்பாடம் செய்யாதவள் யார் என்பதை வகுப்பு வாசலிலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதற்கு எவரும் எண்ணூறு ரூபாய் தந்ததில்லை.

இதுவரை நான் பார்த்த வித்தைகள் இரண்டு வகை. ஒன்று, சந்தையில் வட்டமாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு, கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகச் சொல்லிச் சொல்லியே தாயத்தை விற்றுவிட்டு, சண்டையைக் காட்டாமலே கூடையை மூடிக்கொண்டு கிளம்பும் மோடி மஸ்தான் வித்தை. மற்றது, தலைப்பாகையும் ராஜ உடையும் வாத்திய முழக்கமுமாகப் பெரிய மேடையில் நடக்கும் வித்தை. நம் நாட்டில் அதற்கு முன்மாதிரி வகுத்தவர் பி. சி. சர்க்கார். அவர் 1956-இல் லண்டனில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டியபோது, அவள் எழுந்து நிற்பதற்கு முன்பே நிகழ்ச்சி முடிந்துவிட, பெண் செத்தேபோனாள் என்று பதறிய மக்கள் தொலைபேசியில் நிலையத்தைத் துளைத்தெடுத்தார்கள். அந்தப் பதற்றத்துக்குத் தூரமும் ஒரு காரணம்; ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்க முடியாதல்லவா. நாற்பது நாற்காலிகள் மட்டுமே உள்ள அறையில் அந்தத் தூரம் இருக்காது. பின் எதை வைத்து இந்த வித்தைக்காரர் பிழைக்கிறார் என்பதைப் பார்க்கவாவது போகலாம்.

13 ஜூலை 2024, சனிக்கிழமை, இரவு

இப்போதுதான் வீடு திரும்பினோம். தூங்கி எழுந்தால் வரிசை குழம்பிவிடும் என்பதால் இப்போதே எழுதிவைக்கிறேன்.

மேடை கிடையாது. ஒரு தேக்கு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, பிறைவடிவில் மூன்று வரிசை நாற்காலிகள். வாசலிலேயே கைப்பேசிகளை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வெள்ளைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்று, "எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது. இன்னும் இரண்டு மணி நேரம் உங்களை ஏமாற்றப்போகிறேன், அதற்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் நாணயங்களும் சீட்டுக்கட்டும். நன்றாகவே செய்தார், ஆனாலும் அது சமையலுக்கு முன் தாளிக்கும் கடுகுதான். பிறகு ஆளுக்கொரு உறையைக் கொடுத்தார். நாங்கள் உள்ளே வரும்போதே நட்சத்திரத்தை எழுதி வாங்கியிருந்தார்கள். அவரவர் உறையில் அவரவர் குணம் ஒரு பக்க அளவில் அச்சாகி இருந்தது. வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உண்டு என்றும், பிறர் உங்களைப் பாராட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தும் காட்டிக்கொள்ள மாட்டீர்கள் என்றும், உங்களிடம் இன்னும் பயன்படாத திறமை இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். விடைத்தாளில் அரை மதிப்பெண்ணுக்கும் கணக்குப் பார்க்கும் நான் தாராளமாக நான்கு போட்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் தாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். நாற்பது தாளிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகம். அறை முழுவதும் சிரித்தது. எனக்கு மட்டும் காது சூடேறிற்று.

அடுத்ததில் நானே அகப்பட்டேன். அவர் ஒரு சாட்சியுடன் வெளியே போய்விட, ஓர் அம்மையார் தம் புடவையிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாம் வரிசைப் பெரியவர் ஒருவரின் குடைமடிப்பில் அதைச் செருகி வைத்தோம். உள்ளே வந்தவர் என்னை எழுப்பி, என் வலது மணிக்கட்டைத் தம் இடக்கையால் பிடித்துக்கொண்டு, "வாய் திறக்க வேண்டாம் அம்மா, இருக்கும் இடத்தை மட்டும் விடாமல் நினைத்துக்கொண்டே என்னோடு வாருங்கள்" என்றார். அவர் பிடித்தது இறுக்கமாக இல்லை. வளையல் கடைக்காரர் அளவு பார்க்கக் கையைப் பிடிப்பாரே, அந்த அளவுதான். கொஞ்சம் வேகமாக நடந்தார், ஜன்னல்வரை போனார், நின்றார், சட்டென்று திரும்பினார். நானோ கையைக் கட்டைபோல விறைப்பாக வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, எதையும் காட்டிக்கொடுக்கவில்லை என்ற நம்பிக்கையோடு நடந்தேன். மூன்றாம் வரிசையைக் கடந்து இரண்டடி போனவர் பின்வாங்கி, குடையின் மேல் விரலை வைத்தார். ஒரு நிமிடத்துக்குமேல் ஆகியிருக்காது.

பிறகு, 34-க்கு மேல் 100-க்குள் ஓர் எண் சொல்லச் சொன்னார். பாட்டி ஒருவர் தம் வீட்டுக் கதவு எண் 67 என்றார். பேசிக்கொண்டே பலகையில் பதினாறு கட்டம் போட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக எண்களை நிரப்பினார். குறுக்கே கூட்டினாலும், நெடுக்கே கூட்டினாலும், மூலைக்கு மூலை கூட்டினாலும் 67. கட்டத்தை டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இதை விடுவதாக இல்லை.

கடைசியில், சிறுவயதில் இருந்த வீட்டில் மனத்துக்கு நெருக்கமான ஓரிடத்தைச் சீட்டில் எழுதி நான்காக மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் 'தாழ்வாரம்' என்று எழுதினேன். ஐந்தாறு பேரைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, நீளமான இடம் என்றார். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் என்றார். மழைக்காலத்தில் அங்கே உட்காரக் கூடாது என்று யாரோ உங்களைத் திட்டியிருக்கிறார்கள் என்றார். அம்மா திட்டியதுதான். அதன்பிறகே சொல்லைச் சொன்னார். ஒரு கல்லூரிப் பையனிடம் மட்டும் தவறினார். நண்பன் பெயரின் முதலெழுத்தைப் பிடித்தவர் பெயரைத் தவறாகச் சொன்னார். விந்தை என்னவென்றால், அந்தத் தவற்றுக்குப் பிறகுதான் அறையே அவர் பக்கம் சாய்ந்தது. எல்லாம் சரியாக இருந்தால் தந்திரம் என்போம், ஒன்று பிசகினால் உண்மையாகவே முயல்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முடிந்து படியிறங்கும்போது ஒருவர் அவரைத் தனியே அழைத்து, பையனுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கேட்ட கல்லூரி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "சார், நான் வித்தைக்காரன், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இவர். "பரவாயில்ல தம்பி, மனசுல தோணுறதைச் சொல்லுங்க" என்றார் அவர்.

14 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை

காலையில் தொலைபேசியில் அண்ணன் மகளோடு சண்டை. தாழ்வாரச் சீட்டை அவர் தொடவே இல்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள். பேனாவைத் திருப்பி வாங்கியபோது சீட்டும் ஒரு கணம் அவர் கைக்குப் போனதாக எனக்கு நினைவு. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நடந்தது இரண்டாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால், சீட்டே எழுதவில்லை, மனத்தில் நினைத்ததை அப்படியே சொன்னார் என்று அவள் தோழிகளிடம் சொல்லுவாள், பாருங்கள்.

உறை விஷயத்தின் மூலத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு இதையே செய்திருக்கிறார். தனித்தனியே ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லி எல்லோருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுக்க, ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டிருக்கிறார்கள். அந்த வாசகத்தைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்துதான் எடுத்தாராம். என் நான்கு அந்தச் சராசரிக்குச் சற்றுக் குறைவு என்பதில் எனக்கு அற்ப ஆறுதல்.

பெரியம்மாவின் நினைவு வந்தது. பெரியப்பா காணாமல் போன ஆண்டில், கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு ஏடு பார்த்துச் சொல்பவர் ஒருவரிடம் என்னையும் அழைத்துப் போனாள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லச் சொன்னார். கணவர் பெயரில் தெய்வப் பெயர் உண்டா, வீட்டில் மூத்தவரா, தென்கிழக்கில் சொத்து உண்டா என்று ஓலைக்குப் பின் ஓலையாக அரைமணி நேரம் கேள்விகள். முடிவில் பெரியம்மா சொன்ன விடைகளையே கோத்து அவளிடம் பாட்டாகப் படித்தார். அவள் கேவி அழுதாள். நேற்றைய இளைஞரும் அதே வேலையைத்தான் செய்தார். ஆனால் எனக்குச் சக்தி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்தார், எவரிடமும் பரிகாரத்துக்கு இரண்டாயிரம் கேட்கவில்லை.

16 ஜூலை 2024, செவ்வாய்க்கிழமை

கட்டம் உடைந்தது. முதல் வரிசை 8, 11, 47, 1. இரண்டாவது 46, 2, 7, 12. மூன்றாவது 3, 49, 9, 6. நான்காவது 10, 5, 4, 48. இரண்டு நாளாகச் சமன்பாடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நான், இன்று காய் நறுக்கும்போது அதை வெறுமனே பார்த்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்ணும் ஒருமுறை இருக்கின்றன. மீதி நான்கும் 46, 47, 48, 49. வரிசைக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, மூலைவிட்டத்துக்கு ஒன்று என்று அந்த நான்கும் உட்கார்ந்திருக்கின்றன. மற்றப் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டால் போதும். சொன்ன எண்ணிலிருந்து 18, 19, 20, 21 ஆகியவற்றைக் கழித்து அந்த நான்கு இடங்களில் போட்டால் எந்த எண்ணும் வந்துவிடும். 34-க்கு மேல் கேட்டதன் காரணமும் விளங்கியது. 34 என்றால் அந்த இடங்களில் 13 முதல் 16 வரை வந்து, ஒன்று முதல் பதினாறு வரை நிரம்பிய அசல் மாயச்சதுரம் ஆகிவிடும். கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் செதுக்கியிருக்கும் சதுரத்தின் கூட்டுத்தொகையும் 34-தான். 34-க்குக் கீழே போனால் எண்கள் இரட்டிக்கும், குட்டு வெளிப்படும்.

கண்டுபிடித்தவுடன் பெருமையாக இருந்தது, அரைமணி கழித்துச் சற்று வெறுமையாகவும் இருந்தது. நம் ஊரில் அவதானம் செய்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கி விடை சொன்னபோது, ஈற்றடிக்கு வெண்பா முடித்ததிலும் முதுகில் விழுந்தவற்றை எண்ணிச் சொன்னதிலும் உடைப்பதற்குக் குட்டு ஒன்றும் இருக்கவில்லை. எப்படிச் செய்தார் என்று தெரிந்த பிறகுதான் அங்கே வியப்பே தொடங்குகிறது.

19 ஜூலை 2024, வெள்ளிக்கிழமை

குடையில் இருந்த ஊக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த வித்தைக்கு 1880-களில் இங்கிலாந்தில் பெரிய பெயர் பெற்றவர் ஸ்டூவர்ட் கம்பர்லாந்து. தாம் படிப்பது மனத்தை அல்ல, தசையின் அசைவைத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓர் அசைவை நினைத்த மாத்திரத்தில் உடம்பு நம்மை அறியாமல் அதைத் துளியளவு செய்துவிடுகிறது என்பதை வில்லியம் கார்ப்பென்டர் 1852-லேயே எழுதிவிட்டார். சரியான திசையில் கை இளகும், தவறான திசையில் கனக்கும். நான் விறைப்பாக வைத்திருந்ததே அவருக்கு வசதியாகியிருக்கிறது. குடை நெருங்கியபோது அந்த விறைப்பு சற்றே தளர்ந்திருக்கும்.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லி ஊரைக் கூட்டியிருக்கிறது. அதன் எசமானர் வான் ஓஸ்டன் ஒரு கணக்கு ஆசிரியர், ஏமாற்றுக்காரர் அல்லர். 1904-இல் அறிஞர் குழு வந்து பார்த்தும் மோசடி எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து, கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணுக்கு மறைவாக நிற்கும்போதும் அது திணறுகிறது என்று காட்டினார். சரியான தட்டு வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு நிமிரும்; குதிரை நிறுத்திவிடும். கரும்பலகையருகே நின்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே விடையைத் திருத்திக்கொண்ட மாணவிகள் எத்தனை பேரோ. அவர்களுக்குக் கணக்கு வருகிறது என்று நான் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

21 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் வீட்டில் சாப்பாடு. முடிந்ததும் சோதித்துப் பார்த்தேன். அண்ணன் மகள் ஒளித்த ஐந்து ரூபாய் நாணயத்தை முதல் இரண்டு முறையும் கோட்டைவிட்டேன். மூன்றாம் முறை, அவள் மணிக்கட்டை இழுக்காமல் சும்மா ஏந்திக்கொண்டு நடந்தபோது, சமையலறை வாசலில் அது கனமிழந்ததை உண்மையாகவே உணர்ந்தேன். அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்துக்கு அடியில் நாணயம் இருந்தது.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களை வெளியே நிறுத்திவிட்டு நெடுநேரம் உள்ளே உருட்டிவிட்டுக் கூப்பிட்டார். அவர் கை பாறை. கூடம், பூஜையறை, மாடிப்படி, எங்கும் ஒன்றுமில்லை. அம்மாவின் பழைய மரப்பெட்டியைத் தாண்டும்போது மட்டும் நழுவினாற்போல ஓர் இளக்கம். திரும்பினேன், மீண்டும் அதே இளக்கம். பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினோம். நாணயம் இல்லை.

"முதல்ல அங்கதாம்மா வச்சேன்" என்றார் அண்ணன். "எப்படியும் நீ கண்டுபிடிச்சிருவேன்னு எடுத்துட்டேன்." நாணயம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.